கேலி முறைக்காரி

மதோம்போ
11 அக்டோபர் 1998

கட்டாமல் தப்பித்த என் புருஷன் கோஸ்மாஸுக்கு,

உன் மாமன் மகள் ஸ்கோலா எழுதுவது. நான் நலம், பயமெல்லாம் உனக்காகத்தான். என் வாழைத்தோப்பு நலம். ஆடுகள் நலம். என் வீட்டுக்காரரும் நலம், அதாவது சாப்பிடுகிறார், தூங்குகிறார். மலையில் மழை இன்னும் இறங்கவில்லை.

உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே விட்டுவிட்டார்கள் என்று பஸ் டிரைவர் சொன்னான். உனக்குச் சோறு போட்டுக் கட்டுப்படியாகாமல் விரட்டியிருப்பார்கள். ஜூன் மாதம் நீ செய்ததை இங்கே இன்னும் பேசுகிறார்கள். சலூன் கண்ணாடிகளையும் சுழல் நாற்காலியையும் தெருவில் போனவர்களுக்குத் தானம் கொடுத்துவிட்டு, நான்தான் பிஷப் என்று உள்ளாடையோடு நின்று லாரிகளை ஆசீர்வதித்தாயாமே. எனக்கு ஒரு கண்ணாடி அனுப்பத் தோன்றவில்லை பார். மூளை கலங்கினாலும் மாமன் மகள் என்றால் உனக்குக் கை வராது.

இனி முக்கியமான விஷயம். மொரோகோரோ சந்தையில் உன் பெண்டாட்டி யுஸ்தாவைப் பார்த்தேன். கிலோசாவில் அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாளாம். அழவில்லை, திட்டவில்லை. ஒன்றுதான் சொன்னாள்: "அக்கா, அவரு ஈஸ்டர் வரைக்கும் மாத்திரைய விடாம சாப்பிடட்டும். நானே வந்து வாசல் கூட்டுறேன். ஒரு வேள விட்டாருன்னு காதுல விழுந்தாலும் வர மாட்டேன்." அதைக் கண்காணித்துச் சொல்லும் உத்தியோகம் எனக்கு. அதனால் ஒழுங்காக விழுங்கு.

உன்னைக் கட்டிக்கொள்ளாமல் காப்பாற்றியதற்காக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவரும்,
ஸ்கோலா


மன்சேசே, தார் எஸ் ஸலாம்
2 நவம்பர் 1998

மாமன் மகளே,

நான் நலம், பயம் உனக்காக. மாமாவின் கல்லறைக்குப் பூ வைத்தாயா? ஆடுகளுக்கும் உன் வீட்டுக்காரருக்கும் என் வணக்கம்; எதற்கு முதலில் சொல்வது என்பதை நீயே முடிவு செய்துகொள்.

மாத்திரையின் பெயர் லித்தியம். மனசைத் தராசு முள் மாதிரி நடுவில் நிறுத்துமாம். நிறுத்துகிறது. தூங்குகிறேன், விழிக்கிறேன், எந்த லாரிக்கும் ஆசீர்வாதம் தேவைப்படவில்லை. ஆனால் உடம்பு வேறு கணக்கு எழுதுகிறது. வாயில் எப்போதும் ஆணியைச் சப்பினது போல ருசி. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டுகிறது. எவ்வளவு குடித்தாலும் தாகம். குடித்தால் உடனே ஒதுங்க வேண்டியிருக்கிறது. சலூனுக்குக் கழிப்பறை இல்லை. பீர்க்கடைக்குப் பின்னால் போக வேண்டும், வரிசைக் கடைகள் எல்லாவற்றையும் கடந்து. போகும்போதும் வரும்போதும் எல்லார் கண்ணும் என் மேல்தான். எல்லாவற்றையும்விட மோசம், கை. மெல்லியதாக ஒரு நடுக்கம். சவரக்கத்தியைத் தூக்கினால் ஆள் கண்ணை மூடிக்கொள்கிறான், ஜெபம் செய்கிறானோ என்னவோ.

நர்ஸம்மா நல்லவர். "இதெல்லாம் ஆரம்பத்துல வர்றதுதான், போகப் போகக் கொறையும். சாப்பிட்டதும் மாத்திரையப் போடு. தண்ணிய மட்டும் கொறைக்காதே, உப்பையும் கொறைக்காதே. மாசாமாசம் வந்து ரத்தம் குடு" என்றார்.

ஒன்று கேட்கிறேன். அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் கேலி முறை. உனக்குக் கேலி செய்ய உரிமை உண்டு, எனக்குக் கோபப்பட உரிமை இல்லை. தெரியும். ஆனாலும் கேட்கிறேன். இந்தக் கையையும் இந்தக் கழிப்பறை நடையையும் மட்டும் நாலு பேர் முன்னால் எடுக்காதே.

உன் அத்தை மகன்,
கோஸ்மாஸ்


மதோம்போ
20 நவம்பர் 1998

கட்டாமல் தப்பித்த புருஷனே,

நான் நலம். சிரித்து விலா வலிப்பதைத் தவிர வேறு நோய் இல்லை. பயமெல்லாம் உன் வாடிக்கையாளர்களின் காதுகளுக்காகத்தான்.

ஒரு ஆம்பளை தன் முறைப்பெண்ணிடம் "என்னைக் கேலி செய்யாதே" என்று தபால்தலை ஒட்டி எழுதிக் கேட்டால், அதைவிடப் பெரிய கேலி உலகத்தில் உண்டா? பஸ் நிற்குமிடத்தில் பழம் விற்கிற பெண்களுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஒருத்தி கூடையோடு உட்கார்ந்துவிட்டாள்.

கை நடுங்குகிறது என்று ஏன் வருத்தப்படுகிறாய்? மன்சேசேயில் பாதி நாள் கரண்ட் இல்லை. உன் மிஷினுக்கு இனி கரண்டே தேவையில்லை. சும்மா பிடித்தால் போதும், அதுவாக வெட்டும். காது ஏதாவது சேர்ந்தால் பஸ்ஸில் போட்டு அனுப்பு, சூப் வைக்கிறேன். ஒதுங்குகிற விஷயத்துக்கும் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். அதை நேரில் வந்து செய்து காட்டுகிறேன்.

மாத்திரையை விடாதே. வாசல் கூட்ட ஆள் வேண்டும் உனக்கு.

உன் ஸ்கோலா


மன்சேசே
15 டிசம்பர் 1998

மாமன் மகளே,

நான் நலம். இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையிலேயே நலம்.

உகாலிக் களி சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுகிறேன், குமட்டல் போய்விட்டது. கறுப்புத் தேநீரைக் குறைத்தேன், கை பாதி அடங்கிவிட்டது. மிச்சப் பாதிக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன்: முழங்கையை ஆளின் தோளில் ஊன்றிக்கொண்டு கத்தியை ஓட்டுகிறேன். கடனுக்குப் புது நாற்காலியும் கண்ணாடியும் வாங்கிவிட்டேன்; கண்ணாடிக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறேன். குடிக்கிறேன், போகிறேன், வருகிறேன். தெருவுக்கும் பழகிவிட்டது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நேற்றுப் பள்ளிவாசல் இமாம் தன் தாடியை ஒதுக்க என்னிடமே வந்தார். அவர் கண்ணை மூடவில்லை.

யுஸ்தாவிடம் சொல். ஒரு வேளையும் விடவில்லை என்று சொல். இமாம் தாடியைப் பற்றியும் சொல்.

நீ என்னைச் சந்தி சிரிக்க வைத்ததற்குப் பதில் கேலி பாக்கி இருக்கிறது, மறந்துவிடாதே. ஒரு நாள் செய்வேன். தலையில் இருக்கிற வாழைத்தாரை அப்படியே போட்டுவிட்டு நீ பஸ்ஸுக்கு ஓடிவர வேண்டும். அப்படி ஒன்று.

கிறிஸ்மஸ் வாழ்த்துகளோடு,
கோஸ்மாஸ்


கிலோசா
4 ஜனவரி 1999

அன்புள்ள ஸ்கோலா அக்காவுக்கு,

யுஸ்தா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், பயமெல்லாம் அங்கேதான். புது வருஷம் உங்களுக்கு நல்லதாக இருக்கட்டும்.

நீங்கள் சொல்லி அனுப்பினது கிடைத்தது. இமாம் தாடியைக் கேட்டு அம்மாகூடச் சிரித்தாள். நான் நம்பப் பயப்படுகிறேன் அக்கா. நீங்கள் ஒரு முறை போய்க் கண்ணால் பார்த்துவிட்டு, கேலி கலக்காமல் எனக்கு எழுத வேண்டும்.

இன்னொன்று. நான் கிளம்பும் முன் நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிப்பதை யாரும் தடுக்கக் கூடாதாம். வாந்தி, கால் தள்ளாட்டம், நாக்குக் குழறல், இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டுமாம். மருந்து ரத்தத்தில் கூடிப்போனதற்கு அதுதான் அடையாளமாம். அவர் அங்கே தனியாக இருக்கிறார். மனசு விட்டு எழுதுவது உங்களுக்குத்தான். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்கள் தங்கை,
யுஸ்தா


மதோம்போ
1 பிப்ரவரி 1999

தங்கச்சி யுஸ்தாவுக்கு,

நான் நலம், பயம் உனக்காக. உன் அம்மாவின் முழங்காலுக்கு எலுமிச்சைப் புல் எண்ணெய் தடவச் சொல்.

போனேன், பார்த்தேன். மாத்திரையை என் கண் முன்னால் விழுங்கினான். சத்தியம். கடை சுத்தமாக இருக்கிறது, சட்டை வெள்ளையாக இருக்கிறது. உனக்கு வேண்டியது இவ்வளவுதானே. கேலி கலக்காமல் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். இனி மிச்சத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும்.

பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் வாளி வாங்கினேன். பழைய காங்காத் துணியில் பெரிய ஆளுக்கு ஆகிற அளவில் ஒரு குழந்தைக் கோவணம் முன்பே தைத்து வைத்திருந்தேன். கடையில் கூட்டம். உள்ளே போய் வாளியை நாற்காலிக்குக் கீழே வைத்தேன், கோவணத்தை நாற்காலிக் கையில் மாட்டினேன். "என் புருஷன் பாதி தலையில ஆள விட்டுட்டு ஓட வேண்டாம், இங்கயே வேலைய முடிச்சுக்கட்டும்" என்று சொன்னேன். பீர்க்கடையிலிருந்துகூட ஆட்கள் எழுந்து வந்தார்கள். அப்புறம் அவன் கத்தி பிடிக்கிற மாதிரி, கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி எல்லாம் செய்து காட்டினேன். மறுபடி, மறுபடி என்று கேட்டார்கள். எனக்கே வேர்த்துவிட்டது.

கோஸ்மாஸும் சிரித்தான். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தான். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அலமாரிக்குள் வைத்தான். "நல்லாத்தான் பண்ற" என்றான். அந்த வாளியை ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஈஸ்டருக்குப் புதுத் துடைப்பம் வாங்கி வை.

ஸ்கோலா


மன்சேசே
14 பிப்ரவரி 1999

மாமன் மகளே,

நான் இருக்கிறேன். நீ நலமா?

இப்போது எனக்குத் தெருவில் புதுப் பெயர், வாளி. "வாளி, கத்தரிக்கக் காத்திருக்கணுமா?" என்று பெரியவர்களே கேட்கிறார்கள். நான் கழிப்பறைப் பக்கம் எழுந்தால் வரிசைக் கடைகளில் கை தட்டுகிறார்கள். கோபம் இல்லை. நீ ஆரம்பித்தது என்று எல்லாருக்கும் தெரியும், முறைக்காரி வைத்த பெயருக்குக் கோபப்படுகிறவனை ஆளாக மதிப்பார்களா?

நானே ஒரு வழி செய்துவிட்டேன். காலையில் கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை தண்ணீரை வாயில் வைப்பதில்லை. நடை நின்றுவிட்டது. தகரக் கூரைக்குக் கீழே இந்த மாத வெயில் உனக்குத் தெரியும், சட்டையைப் பிழியலாம். நாக்கு மரக்கட்டையாகக் கிடக்கிறது. கை மறுபடி ஆரம்பித்திருக்கிறது, முன்பு போல மெல்லியது இல்லை. ரத்தம் கொடுக்கிற நாளில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வரிசையில் நிற்கும்போது ஒதுங்க நேர்ந்தால் அங்கேயும் ஒரு பெயர் வைப்பார்கள்.

மாத்திரை மட்டும் ஒரு வேளையும் விடவில்லை. அதை யுஸ்தாவுக்கு எழுது.

கோஸ்மாஸ்


மதோம்போ
25 பிப்ரவரி 1999

வாளிப் புருஷனே,

நான் நலம், என் புருஷனுக்குப் பட்டப்பெயர் கிடைத்த பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்தும்விட்டேன். பயமெல்லாம் பச்சை வாளிக்காகத்தான். வேலையில்லாமல் சும்மா கிடக்கிறதாமே, பாவம்.

பார்த்தாயா, படித்த நர்ஸம்மாவால் நிறுத்த முடியாத நடையை நான் ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு வெள்ளைத் தொப்பி கொடுக்கச் சொல். யுஸ்தாவுக்கு எழுதிவிட்டேன், மாத்திரை ஒழுங்கு, நடையும் நின்றது என்று. தண்ணீர்க் கதையை எழுதவில்லை. பெண்களுக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

பதில் கேலி, பதில் கேலி என்றாய். வாழைத்தார் என் தலையிலேயேதான் இருக்கிறது. கழுத்து வலிக்கிறது. எப்போது செய்வாய்? பயந்தாங்கொள்ளி.

ஸ்கோலா


மன்சேசே
9 மார்ச் 1999

மாமன் மகளே

நலம் என்று எழுதவில்லை. முந்தாநாளிலிருந்து வயிற்றில் எதுவும் நிற்கவில்லை. வாந்தி. கால் வைக்கிற இடத்தில் தரை இல்லை. பேசினால் குடித்திருக்கிறேன் என்கிறார்கள். பீர்க்கடைக்காரனே வீட்டுக்குப் போய்ப் படு என்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றால் சிரிக்கிறார்கள். வாளி நன்றாக நடிக்கிறான் என்கிறார்கள். எழுத்து இப்படித்தான் வருகிறது.

கேலி இல்லை. பஸ் ஏறி வா. வந்து கூட்டிப் போ.

மாத்திரை விடவில்லை.

கோஸ்


மதோம்போ
13 மார்ச் 1999

ஏமாற்றுக்காரப் புருஷனே,

நான் நலம், நன்றாகவே நலம். உனக்காகப் பயமே இல்லை. ஏன் என்று கேள்.

உன் கடிதம் வந்தபோது தலையில் தார் இருந்தது. படித்ததும் ஒரு நிமிஷம் தாரைக் கீழே இறக்கி வைத்துவிட்டேன், மறைக்க மாட்டேன். பஸ் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. தாரைப் போட்டுவிட்டு நீ பஸ்ஸுக்கு ஓடிவர வேண்டும் என்று எழுதினது யார்? நீதான்.

இன்னும் ஒன்று கேள். வாந்தி, தள்ளாட்டம், குழறல். இதே மூன்றையும் இதே வரிசையில் யுஸ்தா ஜனவரியிலேயே எனக்கு எழுதியிருக்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டு எனக்கு நாடகம் போடுகிறீர்கள். அப்படியென்றால் சமாதானம் ஆகிவிட்டீர்கள் என்று அர்த்தம். சந்தோஷம். எனக்குச் சொல்லாமல் ஆனீர்களே, அதுதான் கொழுப்பு.

ஆனால் எழுத்தைக் கோணல்மாணலாக எழுதினாய் பார், பெயரைக்கூடப் பாதியில் விட்டாய் பார், அது அபாரம். நீ சினிமாவுக்குப் போயிருக்க வேண்டும். தேநீர்க்கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், எல்லாரும் வந்து பார்க்கிறார்கள்.

என்னை ஏமாற்ற நீ இன்னும் ஒரு தடவை பிறந்து வர வேண்டும். மழை பிடித்துவிட்டது, இதைக் கடைசி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். தெருவுக்கே படித்துக் காட்டு.

உன் ஸ்கோலா


மன்சேசே
11 ஏப்ரல் 1999

ஸ்கோலா அக்காவுக்கு,

யுஸ்தா எழுதுவது. மழையில் மதோம்போ பாதை அறுந்துபோனதால் உங்களுக்குச் செய்தி சொல்ல ஆள் அனுப்ப முடியவில்லை. கிலோசாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் ஈஸ்டருக்கு முன்பே வந்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று அவர் கடையின் பின்பக்கம் படுத்திருந்தாராம். பக்கத்துத் தையற்கடைக்காரர் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். நீங்கள் சொன்னபடி தெருவுக்கே கேட்டிருக்கிறது. எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். நாடகம் என்று முறைக்காரியே எழுதிவிட்டாளே, அப்புறம் யார் நம்புவார்கள். அதன் பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லையாம். கண் திறக்காமல் போன பிறகுதான் பீர்க்கடைக்காரன் தண்ணீர் விற்கிற கைவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். மறுநாள் முடிந்துவிட்டது. குழி வெட்டினவர்களும் கை தட்டினவர்கள்தான். நன்றாகவே வெட்டினார்கள்.

உடம்பில் தண்ணீர் இல்லாததால் மருந்து வெளியே போகாமல் ரத்தத்திலேயே தங்கிவிட்டது என்றார் நர்ஸம்மா. "தண்ணி குடிக்கக் கூடாதுன்னு அவருக்கு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார். நான் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். ஒரு வேளையும் விடவில்லை. நான் சொன்ன சொல்லை நானும் காப்பாற்றினேன், வாசலைக் கூட்டிவிட்டேன்.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை துக்கம் கழிக்கிறோம். போனவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் நடந்தது போல் நடந்து, பேசினது போல் பேசி, வந்தவர்களைச் சிரிக்க வைத்து அனுப்ப வேண்டியது கேலி முறைக்காரியின் கடமை. வேறு யாராவது செய்யலாமா என்று பெரியவர்களிடம் கேட்டேன். "முறைக்காரி உயிரோட இருக்கும்போது அந்தச் சட்டைய வேற யாரும்மா தொடுறது?" என்றார்கள். அதனால் வாருங்கள். அவருடைய வெள்ளைச் சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன். கை நடுக்கத்தை நன்றாகச் செய்து காட்ட வேண்டும். தெரு முழுக்க அதைத்தான் எதிர்பார்த்திருக்கிறது, உங்கள் அளவுக்கு யாருக்கும் வராதாம்.

வாளி வாங்கி வர வேண்டாம். இங்கேயே இருக்கிறது. அவரைக் குளிப்பாட்டினது அதில்தான்.

நான் நலம், அக்கா. பயமெல்லாம் உங்களுக்காகத்தான்.

யுஸ்தா


பஸ்ஸில்
7 மே 1999

கட்டாமல் தப்பித்த என் புருஷன் கோஸ்மாஸுக்கு,

நான் நலம். உனக்காகப் பயப்பட இந்தத் தடவை ஒன்றும் இல்லை. ஆடுகள் உன்னைக் கேட்டன. என் வீட்டுக்காரர்கூடக் கேட்டார்.

இதைத் தபாலில் போட முடியாது. நாளைக்கு உன் வெள்ளைச் சட்டையை நான்தான் போடப் போகிறேன், அதன் பையில் வைத்துக்கொள்கிறேன். சட்டை எனக்குப் பத்துமா என்று தெரியவில்லை. பெருத்துவிட்டேன் என்று எழுதியிருந்தேனே. கிழிந்தால் கிழியட்டும், அதற்கும் சிரிப்பார்கள்.

ஒன்று சொல்லத்தான் எழுதினேன். யுஸ்தாவின் கடிதம் மலை ஏறி நடந்து வந்த ஒரு ஆள் கையில்தான் வந்தது; இப்போது பாதையைச் சரி செய்துவிட்டார்கள், இன்று காலை முதல் பஸ் வந்தது. நான் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன், தலையில் தார். நாளைக்குத்தானே துக்கம் கழிப்பது, தாரை விற்றுவிட்டு மத்தியான பஸ்ஸில் போகலாம் என்றுதான் நினைத்தேன். பஸ் ஹாரன் அடித்தது. எப்படி என்று தெரியவில்லை, தாரை அப்படியே போட்டுவிட்டேன். பழமெல்லாம் சேற்றில் உருண்டது. செருப்பு ஒன்று கழன்றுபோனது. பழம் விற்கிற பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். "எங்கடி ஓடுற, புருஷனா கூப்பிட்டான்?" என்று ஒருத்தி கேட்டாள். ஏறி உட்கார்ந்து ஆற்றுப் பாலம் தாண்டின பிறகுதான் உன் பதில் கேலி எனக்கு ஞாபகம் வந்தது.

செய்துவிட்டாய்.

கோபம் இல்லை. எனக்குக் கோபப்பட உரிமை இல்லை, முறை அப்படி.

எழுத்து கோணலாக இருந்தால் வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. பஸ் ஆடுகிறது.

உன் மாமன் மகள்,
ஸ்கோலா